ஸ்டெபிலைசர் தீர்ந்துபோனால்: எம்பிராய்டரி மெஷினில் வீட்டுப் பொருட்கள் எதுவரை தாங்கும்?

கேள்வி இது: வீட்டு எம்பிராய்டரி மெஷின், 10 × 10 செ.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்). தைக்கும்போது துணி சுருங்காமல் இருக்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தீர்ந்துவிட்டது, அல்லது சின்ன ஒரு பூவுக்காக ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வெட்டிக் கிழித்து வீச மனம் வரவில்லை. பிரின்டர் காகிதம், செய்தித்தாள், காபி ஃபில்டர், பிளாஸ்டிக் உறை, பழைய படுக்கை விரிப்பு என்று வீட்டில் கிடப்பதை அடியில் கொடுத்து டி-ஷர்ட், குளியல் துண்டு, துணிப்பை எல்லாம் தைக்கலாமா?

தைக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் எல்லாம் ஆகாது. உடுத்துகிற, துவைக்கிற துணிக்கு வீட்டில் இருப்பதில் நம்பி வைக்கக்கூடியது நெய்த மெல்லிய துணி ஒன்றுதான். காகித வகைகள் கெட்டியான துணியில், தையல் குறைந்த டிசைனுக்கு மட்டும் சரிப்பட்டு வரும். பிளாஸ்டிக் படலத்தை மேலே போடலாம், அடியில் கூடாது. காரணம் புரிந்துவிட்டால், நான் இங்கே சொல்லாத பொருள் ஒன்று கையில் கிடைத்தாலும் அது தேறுமா தேறாதா என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தையலும் அதன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. ஒரு தையலின் இழுப்பு ஒன்றுமில்லை. நாலாயிரம் தையல் ஒரே திசையில் இழுத்தால் துணி அந்தத் திசையில் குறுகும், அதற்குக் குறுக்கே பிதுங்கும். வட்டமாக வரைந்த ஃபில், அதாவது பரப்பை நிரப்பும் தையல், முட்டை வடிவத்தில் வருவதும், கடைசியில் ஓடும் அவுட்லைன் ஒரு பக்கம் ஃபில்லை விட்டு விலகி நிற்பதும் இதனால்தான். இந்த இழுப்பைத் தைக்கும் நேரத்தில் தாங்குவது ஸ்டெபிலைசரின் முதல் வேலை. இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தைத்து முடித்த பிறகு, துவைக்கும்போதும் உடுத்தும்போதும் அந்த நூல் குவியலை வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கிழித்து எடுக்கும் டேர்-அவே முதல் வேலையோடு விடைபெற்றுவிடும். வெட்டிவிட்டு மிச்சத்தை உள்ளேயே வைக்கும் கட்-அவே இரண்டையும் செய்யும். வீட்டுப் பொருட்களில் பெரும்பாலானவை முதல் வேலையை ஓரளவு செய்துவிட்டு இரண்டாவதில் காலை வாருபவை. மெஷினிலிருந்து இறக்கும்போது அழகாக இருக்கும் வேலை, இரண்டாவது துவையலில் பல்லை இளிக்கும்.

காகிதம் ஏன் தோற்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எழுத்துகளை ஓரத்துக்கு ஓரம் நெருக்கமாக நிரப்பும் தையலுக்குச் சாட்டின் என்று பெயர். 40-ஆம் எண் எம்பிராய்டரி நூலுக்கு அதன் வழக்கமான இடைவெளி 0.4 மி.மீ. அதாவது எழுத்தின் ஓரம் நெடுக ஒரு செ.மீ. தூரத்தில் 25 ஊசிக் குத்துகள். தபால்தலையை எளிதாகக் கிழிப்பதற்காகப் போடும் துளைகளே 2 செ.மீ.க்கு 14 அளவில்தான் இருக்கும், செ.மீ.க்கு 7. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் நெருக்கமாக நாம் குத்துகிறோம். இன்னொரு கணக்கு: 75/11 ஊசியில் அந்த 75 என்பது ஊசித் தண்டின் குறுக்களவு 0.75 மி.மீ. என்பதைச் சொல்கிறது. துளைக்கும் துளைக்கும் இடைவெளி 0.4, துளையின் அகலமோ 0.75. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். துணியில் இது பிரச்சினை இல்லை, இழைகள் ஊசிக்கு வழிவிட்டு விலகிப் பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடும். காகிதத்தின் நார்களுக்கு விலகத் தெரியாது, அறுந்துதான் போகும். ஆக, சாட்டின் தையல் ஓடும் இடத்தில் காகிதம் தாங்குவது நின்றுபோய், ஓரம் முழுக்க வெட்டுப்பட்ட ஒரு துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். டிசைனின் பாதியில் ஸ்டெபிலைசரே இல்லாமல் தைப்பதற்குச் சமம் இது.

ஃபில் தையலில் நிலைமை கொஞ்சம் தேவலாம். வரிசைகளுக்கு இடையே 0.4 மி.மீ., தையல் நீளம் 4 மி.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 25 வரிசை, வரிசைக்கு இரண்டரை குத்து, ஏறக்குறைய 62 துளைகள். இதன் மேல் அண்டர்லேயும், அதாவது டிசைனுக்கு முன் அடித்தளமாக ஓடும் தையலும், சேரும். சிதறிய துளைகள் என்பதால் காகிதம் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே.

எனவே காகிதத்துக்கு ஏற்ற டிசைன் என்றால் ஒற்றைக் கோடாக ஓடும் ரன்னிங் தையல் ஓவியங்கள், இடைவெளி விட்ட மெல்லிய கோடுகள், அகலம் குறைந்த ஓரிரு எழுத்துகள். துணி கேன்வாஸ், டெனிம், கெட்டிப் பருத்தி போல அதுவே தன்னைத் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். 10 செ.மீ. சதுரத்துக்குள் மூவாயிரம், நாலாயிரம் தையலைத் தாண்டினால் காகிதத்தை நம்ப வேண்டாம்.

பிரின்டர் காகிதம் பொதுவாக 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்). ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாள், இரண்டாவதை 90 டிகிரி திருப்பி. காகிதத்துக்கும் நார்த்திசை உண்டு. ஒரு தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நேர்க்கோடாகக் கிழியும், மறுபக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிவது நார் ஓடும் திசை. இரண்டு தாளின் திசையும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கிழியும். வேகத்தை நிமிடத்துக்கு 400–500 தையலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும், தையலின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பக்கவாட்டில் கிழிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் தையலும் சேர்ந்து இளகும்.

காகிதம் ஊசியை மழுக்கும் என்பது வெறும் பேச்சு இல்லை. எழுதும் தாளில் வெண்மைக்கும் வழவழப்புக்கும் கால்சியம் கார்பனேட், களிமண் போன்ற தாதுப் பொடிகள் சேர்க்கப்படுகின்றன. மெல்லிய உப்புத்தாளில் குத்துவது போலத்தான். பளபளக்கும் பத்திரிகைத் தாளில் இந்தப் பொடி இன்னும் அதிகம், அதைத் தொடவே வேண்டாம். ஊசி குத்தும் ஓசை ‘டப் டப்’ என்று கனத்தால் முனை போய்விட்டது என்று அர்த்தம். வழக்கமாக எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசி மாற்றுபவர், காகிதத்தில் தைத்த அன்றே மாற்றிவிடுவது நல்லது. காகிதத்தில் தைத்த ஊசியோடு அப்படியே பட்டுக்கோ டி-ஷர்ட்டுக்கோ போனால் இழை அறுந்து ஓட்டை விழும்.

செய்தித்தாள் 45 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கும், நார் குட்டை, வலு இல்லை. போதாததற்கு மை. ஆவி இஸ்திரி பட்டதும் வெளிர்நிறத் துணியில் சாம்பல் நிறமாக ஏறிவிடும். டிசைன் எப்படி ஓடுகிறது என்று பழந்துணியில் ஓட்டிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பில் போடும் சுருள் காகிதத்தைச் சிலர் எழுத்து வரிசைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அகலம் தோதாக இருக்கும், ஆனால் அது வெப்பத்தில் கறுக்கும் காகிதம். தையலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட துணுக்கின் மீது இஸ்திரிப் பெட்டி பட்டால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். பேக்கிங்கிற்குப் பயன்படும் பார்ச்மென்ட் தாள் சுத்தமாகக் கிழியும், ஆனால் சிலிக்கோன் பூச்சு இருப்பதால் ஹூப்பில் நிற்காமல் வழுக்கும். ஓரத்தில் இழையோட்டம் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டால்தான் அடங்கும்.

காகிதங்களில் எனக்கு மதிப்பு உள்ளது காபி ஃபில்டர்தான். நீர் இறங்குவதற்காகச் செய்தது என்பதால் அச்சுத்தாளைப் போல வழவழப்புப் பூச்சு கிடையாது, நனைந்தாலும் கிழியாத உறுதி சேர்த்திருப்பார்கள், கிழிப்பதும் சுலபம். கிண்ண வடிவ ஃபில்டரை மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுத் தட்டையாக்குங்கள். கூம்பு வடிவம் என்றால் அழுத்தி ஒட்டிய ஓரத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், அந்தத் தடிப்பில் ஊசி வளையும். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி. ஹூப்பில் மாட்டும் அளவுக்கு இது பெரிதாக இருக்காது. துணியை மட்டும் ஹூப்பில் இறுக்கி, ஃபில்டர்களை அடியில் செருகி, டிசைனைச் சுற்றி ஒரு சதுர இழையோட்டம் ஓட விடுங்கள். 5 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும் பெயரெழுத்துகளுக்குப் போதும். ஒருமுறை பயன்படுத்திய ஃபில்டரை அலசிக் காய வைத்துப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம், காபிக் கறை எத்தனை அலசினாலும் போகாது.

துணி உலர்த்தி மெஷினில் போடும் டிரையர் ஷீட் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பயன்படுத்தி முடித்ததைச் சோப்பு நீரில் இரண்டு முறை துவைத்து, அந்த மெழுகுத்தன்மை போன பிறகு, வேறொன்றுக்குத் துணை அடுக்காக வைக்கலாம். தனியாக வைக்க அதற்கு வலு இல்லை. துவைக்காமல் வைத்தால் பூச்சு ஊசியில் ஏறித் தையல் விட்டுப்போகும். ஈரத் துடைப்பானை அலசிக் காய வைத்துப் பயன்படுத்துவதும் இதே கதை. அது ஒரு திசையில் நீளாது, குறுக்கே ரப்பர் போல நீளும். இழுத்துப் பார்த்து, இரண்டு அடுக்கை ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள்.

நான்-வோவன் பை தனியாகப் பேச வேண்டியது. கைக்குக் கிடைக்கும் பொருட்களில், தைக்கும்போது கட்-அவே போலவே நடந்துகொள்வது இது. சூட்டில் ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் இழைகளால் ஆனது, ஊசிக்கு இழை விலகும், கிழியாது. கைப்பிடி, தையல், அச்சிட்ட பகுதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நடுப்பகுதியை எடுத்தால் நல்ல ஸ்டெபிலைசர் மாதிரிதான் தெரியும். கேடு இஸ்திரியில் இருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் 160–165 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்திக்கான அளவில் வைத்த இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியைத் தொடும். உருகுவதற்கு முன்பே அது சுருங்க ஆரம்பித்துத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நேர்த்தியாக வந்த பூ, இஸ்திரி போட்ட அடுத்த நொடி அப்பளம் மாதிரி நெளியும், அதைத் திருத்த வழியே இல்லை. சுவரில் மாட்டும் படம், இஸ்திரி காணாத கேன்வாஸ் பை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடலில் படும் துணிக்கு வேண்டாம், சொரசொரப்பாக உறுத்தும். இன்னொன்று, வெயில் பட்டுப் பழசான பையை எடுக்காதீர்கள். கையில் கசக்கினால் செதில் செதிலாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அது தையலுக்குள்ளும் உதிரும்.

இனி நெய்த துணி. பழைய படுக்கை விரிப்பு, மெல்லிய சட்டை, வாயில், ஆர்கண்டி, பாலியெஸ்டர் ஆர்கன்சா, இவைதான் உண்மையான மாற்று. எதை எதற்கு வைப்பது என்பதை எடைதான் தீர்மானிக்கும். கடையில் 1.5 அவுன்ஸ் (சதுர கெஜத்துக்கு) என்று வரும் ஸ்டெபிலைசர் சுமார் 50 ஜி.எஸ்.எம்., 2.5 அவுன்ஸ் சுமார் 85. உங்கள் துணியின் எடையைச் சமையலறைத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம்: 50 × 40 செ.மீ. துண்டு வெட்டி நிறுத்து, கிராமை 5-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். 24 கிராம் இருந்தால் 120. படுக்கை விரிப்புகள் பெரும்பாலும் இந்த எடையை ஒட்டியே இருக்கும். துணிப்பைக்கும் டெனிமுக்கும் அது சரி, ஓர் அடுக்கே போதும். 150 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட்டுக்கு அதை இரண்டடுக்காக வைத்தால் மார்பில் அட்டை ஒட்டிய மாதிரி நிற்கும். டி-ஷர்ட்டுக்கு வாயில் அல்லது ஆர்கன்சா போதும், அதைத்தான் இரண்டு அடுக்காக்க வேண்டும்.

ஏன் இரண்டு? நெய்த துணி பாவுத் திசையிலும் ஊடைத் திசையிலும் நீளாது, ஆனால் மூலைவாட்டில், தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில், தாராளமாக நீளும். ஓர் அடுக்கை மட்டும் வைத்தால் டிசைனின் மூலைவாட்டு இழுப்புக்கு அது வளைந்து கொடுத்துவிடும். இரண்டாவது அடுக்கை 45 டிகிரி திருப்பி வைத்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றது மூடிவிடும். விலை கொடுத்து வாங்கும் ஸ்டெபிலைசர் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நிற்பதைக் கிட்டத்தட்ட இப்படித்தான் வீட்டில் கொண்டுவர முடியும்.

தயாரிப்பு இப்படி. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை தேய்ந்து வலைபோலத் தெரியும் இடங்களை விட்டுவிடுங்கள். இரு கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் ‘டர்’ரென்று கிழியும் துணி ஆகாது. பிறகு வெந்நீரில் ஒருமுறை துவைத்து முழுதாகச் சுருங்க விடுங்கள். மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம். இதைத் தவிர்த்துவிட்டுப் புதுப் பருத்தியை அடியில் வைத்தால், முதல் துவையலில் அது மட்டும் சுருங்கி மேலே இருக்கும் துணியைச் சேர்த்து இழுக்கும், பழி டிசைன் மேல் விழும். காய்ந்ததும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, ஹூப்பின் வெளிவிளிம்பைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 3 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். 10 × 10 ஹூப்புக்கு 20 × 20 செ.மீ. துண்டு சரியாக இருக்கும்.

டி-ஷர்ட் என்றால் ஹூப்பில் மாட்ட வேண்டியது இந்தத் துணியை மட்டும். விரலால் தட்டினால் முரசு போல ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். டி-ஷர்ட்டை ஹூப்பில் இறுக்கினால் அது நீண்ட நிலையில் தையல் விழும், கழற்றியதும் சுருங்கும், தையலைச் சுற்றிச் சுருக்கம் வந்தே தீரும். எனவே டி-ஷர்ட்டை மேலே படுக்க வைத்து, இழுக்காமல், உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிச் சமன் செய்யுங்கள். தற்காலிக ஒட்டு ஸ்பிரே இல்லாவிட்டால் நீரில் கரையும் பசைக் குச்சியை டிசைனுக்கு வெளியே நான்கு மூலையில் மட்டும் தடவலாம். ஊசி போகும் இடத்தில் பசை இருந்தால் ஊசிக்கண் அடைபட்டு நூல் அறும். இருபக்க டேப்பும் அப்படித்தான், ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிலும் இழையோட்டம், முனை உருண்ட பால்பாயின்ட் 75/11 ஊசி, அதன்பின் டிசைன். முடித்ததும் இழையோட்டத்தைப் பிரித்து, பின்பக்கத் துணியைத் தையலிலிருந்து 6 முதல் 10 மி.மீ. விட்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் உடம்பில் உறுத்தாது, வெளியே கோடாகவும் தெரியாது. தையலை ஒட்டி வெட்டிவிடாதீர்கள், தாங்குவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. வெள்ளை டி-ஷர்ட்டுக்கு அடியில் பளீர் வெள்ளையை வைத்தால் சதுரமாகத் தெரியும், தோல்நிறத்துக்கு நெருக்கமானது மறைந்துவிடும்.

பழைய டி-ஷர்ட்டையே ஸ்டெபிலைசராக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீளும் துணிக்கு நீளும் துணி துணையாகாது.

கஞ்சியைப் பற்றி. இது ஸ்டெபிலைசருக்கு மாற்று என்பதைவிட, மெல்லிய பருத்தியையும் லினனையும் அவற்றுக்கே ஸ்டெபிலைசராக மாற்றும் வழி. ஒரு மேசைக்கரண்டி சோள ஸ்டார்ச்சைக் கால் கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றேமுக்கால் கப் நீரில் ஊற்றி, கிளறியபடி ஓரிரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கலங்கல் மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கி, ஆற வைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் கட்டிகள் இஸ்திரியில் பழுப்புப் புள்ளியாகும். துணியை முக்கிப் பிழிந்து, முக்கால்வாசி காய்ந்ததும் பின்பக்கமாக இஸ்திரி. ஒருமுறை போட்டால் சட்டைக் காலர் அளவுக்குத்தான் விறைக்கும். இரண்டு மூன்று முறை போட்டு, ஒரு மூலையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் மடங்காமல் நிற்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி விறைத்த துணியில் ரன்னிங் தையலும் மெல்லிய எழுத்தும் வேறெதுவும் வைக்காமலே ஓடும். அடர்த்தியான ஃபில்லுக்குப் போதாது. பட்டு, பின்னல் துணிகளுக்கு இது சரிவராது. தைத்த பிறகு கண்டிப்பாகத் துவைத்துவிடுங்கள், கஞ்சியோடு பெட்டியில் மடித்து வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

குளியல் துண்டுக்கு வருவோம். அங்கே சிக்கல் இரண்டு: அடியில் தாங்க ஒன்று வேண்டும், மேலே நூல் வளையங்கள் தையலுக்கிடையே எட்டிப் பார்க்காமல் அமுக்க ஒன்று வேண்டும். அடிக்கு மேலே சொன்ன பருத்தித் துணி. மேலே உணவு மூடும் பிளாஸ்டிக் படலம் போடலாம், வேலை செய்யும். இழுத்துக் கட்டாதீர்கள், சுருக்கமில்லாமல் தளர்வாகப் பரப்பி ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் முதல் வரிசையிலேயே கிழிந்து பின்வாங்கிவிடும். முடிந்ததும் ஓரத்திலிருந்து உரிக்கலாம். எழுத்துகளின் உள்வளைவுகளில் தங்குவதை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். தையலுக்கு அடியில் மாட்டியது கரையாது, அங்கேயே இருக்கும். அதன் மீது சூடான இஸ்திரியை வைத்தால் உருகிச் சுருங்கும். அச்சடித்த கேரி பேக் வேண்டவே வேண்டாம், ஊசி வண்ணத்தைத் துண்டுக்குள் இறக்கும். இதே படலத்தை அடியில் வைத்தால் என்ன என்று தோன்றும். இழுத்தால் நீளும் பொருள் எதையும் தாங்காது, போதாக்குறைக்கு ஊசித்தட்டின் துளைக்குள் இழுபட்டு, அடியில் நூல் கூடு கட்ட வைக்கும்.

சாஃப்ட்வேர் கையில் இருந்தால் படலத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டிசைனுக்கு முன்னதாக, துண்டின் நிறத்திலேயே, 1.5–2 மி.மீ. இடைவெளியில் ஒரு வலைத் தையலை டிசைனைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓட்டிவிடுங்கள். படலம் தைக்கும்போது மட்டுமே வளையங்களை அமுக்கும். வலை எத்தனை துவையலானாலும் அமுக்கிக்கொண்டே இருக்கும்.

நீரில் கரையும் ஸ்டெபிலைசரின் வெட்டுத் துணுக்குகளை எறியாதீர்கள். அது பி.வி.ஏ., அதாவது பாலிவினைல் ஆல்கஹால். ஒரு ஜாடியில் சேர்த்து, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்தால் ஷாம்பு பதத்தில் ஒரு திரவம் கிடைக்கும். ஆர்கன்சா, வாயில், ஷிஃபான் போன்றவற்றில் தூரிகையால் பூசி, தட்டையாக அல்லது தொங்கவிட்டு முழுதாகக் காய வைத்தால் துணி காகிதம் போல நிற்கும். தைத்த பின் துவைத்தால் போய்விடும். கொஞ்சமாகவே தயாரியுங்கள், வைத்தால் பூசணம் பிடிக்கும். இதற்குப் பதில் சாதாரண வெள்ளைப் பசையை நீர்க்கச் செய்து பூசலாம் என்று நினைக்க வேண்டாம். அது பாலிவினைல் அசிடேட். பெயர்தான் பக்கத்தில், காய்ந்த பிறகு முழுதாகக் கரையாது. துணியே கெட்டியாக நின்றுவிடும். துணியில்லாமல் நூலாலேயே பின்னும் லேஸுக்கு, உண்மையான கரையும் ஸ்டெபிலைசருக்கு வீட்டு மாற்று எதுவும் இல்லை. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

எந்தப் பொருளையும் நல்ல துணியில் வைப்பதற்கு முன், 5 செ.மீ. விட்டமுள்ள ஃபில் வட்டமும் அதன் மேல் ஒற்றைக்கோடு அவுட்லைனும் கொண்ட ஒரு சோதனை டிசைனை, அதே வகைப் பழந்துணியில் ஓட்டிப் பாருங்கள். ஹூப்பிலிருந்து எடுத்த பிறகு நெடுக்கிலும் குறுக்கிலும் அளவு எடுங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்து அவுட்லைன் ஃபில்லைத் தொட்டுக்கொண்டே போனால் அந்தப் பொருள் முதல் வேலைக்குத் தேறியது. அதைத் துவைத்துக் காய வைத்து மேசையில் போடுங்கள். தட்டையாகப் படுத்தால் இரண்டாவதுக்கும் தேறியது. வட்டத்தைச் சுற்றித் துணி அலை அலையாக எழும்பினால், தாங்கியது கரைந்துவிட்டது அல்லது சுருங்கிவிட்டது.

பல நேரம் தவறு ஸ்டெபிலைசரில் இருப்பதே இல்லை. தையல் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடாத மெஷினில் டிசைனை 20 சதவீதம் சுருக்குகிறீர்கள் என்று வையுங்கள். நீளமும் அகலமும் 0.8 ஆகின்றன, பரப்பு 0.64 ஆகிறது, தையல் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. அடர்த்தி 56 சதவீதம் கூடிவிட்டது. இதைக் காபி ஃபில்டர் என்ன, கடையில் வாங்கிய கனமான கட்-அவேயே தாங்கத் திணறும். வீட்டுப் பொருளில் தைக்கப்போகிறீர்கள் என்றால் எதிர்த்திசையில் போங்கள். சாஃப்ட்வேரில் இடைவெளியை 0.4-இலிருந்து 0.45 அல்லது 0.5 ஆக்குங்கள், அடியில் அண்டர்லேயை நீக்காதீர்கள். துணியையும் ஸ்டெபிலைசரையும் முதலில் பிணைப்பது அந்த அண்டர்லேதான்.

கடைசியாக மெஷின். காகிதத்தில் தைத்தால் துகள் முழுக்கப் பாபின் கேஸில் போய்ச் சேரும். எண்ணெயோடு கலந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், பாபின் நூலின் இழுப்பு மாறும், மேலே வெள்ளை நூல் தலைகாட்டும். உடனே டென்ஷனைத் திருக ஆரம்பிக்காமல், மெஷினை அணைத்து, ஊசித்தட்டைக் கழற்றி, பாபின் கேஸை வெளியே எடுத்துச் சின்னத் தூரிகையால் துடையுங்கள். டென்ஷன் தகட்டின் அடியில் ஒரு காகிதத் துணுக்கு சிக்கியிருந்தாலே போதும், நூல் தளர்ந்துவிடும். ஒரு துண்டு நூலை அதனடியில் ஓட விட்டு இழுத்தால் வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் போகும். காற்றடிக்கும் குப்பியும் வேண்டாம், துகளை இன்னும் உள்ளே தள்ளும். காகிதத்தில் இரண்டு மூன்று டிசைன் ஓட்டியதும் இதைச் செய்துவிட்டு, புது ஊசி மாட்டி, அடுத்த துணியை ஏற்றுங்கள்.